மால்பெக் ஒயின்: அதன் குணமும் கூட வைக்க வேண்டிய சாப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மால்பெக் பிரான்ஸ் ஒயினா, அர்ஜென்டினா ஒயினா?

மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சை பிறந்தது பிரான்ஸில், பெயர் வாங்கியது அர்ஜென்டினாவில். பிரான்ஸின் தென்மேற்கில் லோட் ஆறு வளைந்து வளைந்து ஓடும் காவோர் பகுதிதான் இதன் சொந்த ஊர். பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவிலும் ஒரு காலத்தில் நிறையவே நட்டிருந்தார்கள். ஆனால் இந்தக் கொடிக்கு ஈரமும் உறைபனியும் ஆகவே ஆகாது. பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பிஞ்சு நிற்காமல் உதிர்ந்துவிடும், பூஞ்சை நோயும் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். 1956 பிப்ரவரியில் விழுந்த கடும் உறைபனியில் இரண்டு ஊர்களிலும் ஏராளமான கொடிகள் செத்துப்போயின. போர்தோக்காரர்கள் மறுபடி நடும்போது பெரும்பாலும் மெர்லோ என்ற வேறொரு திராட்சையின் பக்கம் போய்விட்டார்கள். காவோர்க்காரர்கள் மால்பெக்கை விடவில்லை. 1971இல் தங்கள் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் வாங்கிவிட்டார்கள். அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் புட்டியில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மிச்சத்துக்கு மெர்லோவோ தன்னா என்ற திராட்சையோ சேர்க்கலாம்.

அர்ஜென்டினாவுக்கு இது போனது 1850களில். பின்னாளில் அந்நாட்டின் அதிபரான சார்மியென்டோவின் முயற்சியில் மென்டோசாவில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பேற்ற மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் கொண்டுவந்த கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. அந்தப் பள்ளிக்கான திட்டம் சட்டசபைக்கு வந்த நாள் 1853 ஏப்ரல் 17. அதனால்தான் 2011 முதல் ஏப்ரல் 17ஐ உலக மால்பெக் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இன்று உலகத்தில் உள்ள மால்பெக் கொடிகளில் பெரும்பகுதி அர்ஜென்டினாவில்தான் நிற்கிறது, அதிலும் மென்டோசா மாகாணத்தில்.

சரி, எப்படி இருக்கும்? குடிக்காதவருக்குச் சொல்ல முடியுமா?

முதலில் நிறம். வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் வைத்து, அதன் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மை போல அடர்ந்த கருஞ்சிவப்பு, தாளில் எழுத்து இருந்தால் படிக்க முடியாது. விளிம்பில் மட்டும் நாவல்பழம் தின்ற நாக்கைப் போல ஒரு ஊதா தெரியும். இளம் மால்பெக்கை வரிசையாக வைத்த பல சிவப்பு ஒயின்களுக்கு நடுவே கண்ணாலேயே பொறுக்கிவிடலாம் என்று சொல்வது அந்த ஊதா விளிம்பை வைத்துத்தான்.

மணத்தில் முதலில் வருவது பிளம் பழம், பிளாக்பெர்ரி. உயரமான தோட்டத்துச் சரக்காக இருந்தால் வயலட் பூவின் வாசனை தெளிவாக எழும். அப்புறம் கொக்கோ, கொஞ்சம் தோல்பை வாசனை, புகையிலை. ஓக் பீப்பாயில் கிடந்திருந்தால் வனிலாவும் காபியும் சேரும். வாயில் வைத்தால் நிறைவாக, கனமாக இருக்கும். துவர்ப்பு உண்டு, ஆனால் மென்மையானது. கபெர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயினைப் போல ஈறைப் பிடித்து இழுக்காது. எனக்கு இந்த ஒயினில் பிடித்ததே அதுதான்: ஆள் பெரிய ஆள், ஆனால் அதட்டல் கிடையாது.

இது இனிப்பு ஒயினா? எனக்கு இனிப்பாகத்தான் தோன்றியது.

இல்லை. நல்ல மால்பெக் எல்லாமே சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதுமாக நொதித்து ஆல்கஹாலாக மாறிவிட்ட ஒயின்தான். இனிப்பாகத் தோன்றுவதற்கு மூன்று காரணம். கனிந்த பழ வாசனையை மூக்கு வாங்கியதும் மூளை இனிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆல்கஹாலுக்கே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. ஓக்கின் வனிலா வாசனை இதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமா, ஒரு மடக்கு குடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள், அந்த இனிப்பு பாதி காணாமல் போய்விடும். ஆனால் மலிவு விலைப் புட்டிகள் சிலவற்றில் உண்மையிலேயே கொஞ்சம் சர்க்கரையை விட்டுவைக்கிறார்கள், அதையும் மறுப்பதற்கில்லை.

கனமான ஒயின், போல்டு ஒயின் என்கிறார்களே, எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?

ஆல்கஹால், துவர்ப்பு, பழச்சாற்றின் அடர்த்தி இந்த மூன்றும் தூக்கலாக இருந்தால் போல்டு. மால்பெக்கில் ஆல்கஹால் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 சதவீதம், சிலது 15ஐயும் தொடும். நிறமும் துவர்ப்பும் வருவது பெரும்பாலும் திராட்சைத் தோலிலிருந்துதான். கோப்பையைச் சுழற்றியதும் உள்பக்கம் கோடு கோடாக வடிகிறதே, அது ஆல்கஹாலைத்தான் காட்டுகிறது, தரத்தை அல்ல. அதைப் பார்த்து 'ஆகா' என்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் சொல்கிறேன்.

புட்டியில் 1,200 மீட்டர், 1,450 மீட்டர் என்று உயரம் போட்டிருக்கிறார்களே, விளம்பரமா?

விளம்பரம் இல்லை, இந்த ஒயினின் உயிரே அதில்தான் இருக்கிறது. மென்டோசா ஆண்டீஸ் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் வறண்ட நிலம். வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. மலையில் உருகும் பனிநீரைக் கால்வாயில் பிடித்துத்தான் அந்த ஊரே பிழைக்கிறது. நகரத்துத் தெருக்களிலும் மரங்களுக்கு நீர் பாய நடைபாதை ஓரமாக வாய்க்கால்கள் ஓடும், அசேக்கியா என்பார்கள். மழை இல்லாததால் மால்பெக்குக்குப் பிடிக்காத ஈரமும் அழுகலும் இங்கே குறைவு. பிரான்ஸில் நோஞ்சானாக இருந்த கொடி இங்கே வந்து கொழுகொழுவென்று ஆனதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் வெறும் வறட்சியும் வெயிலும் இருந்தால் ஜாம் மாதிரி ஒயின்தான் வரும். உயரம் அதைத் தடுக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் சட்டென்று குளிர், இரண்டுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம். பகலில் பழம் சர்க்கரை சேர்க்கிறது, இரவுக் குளிரில் புளிப்பு கரைந்துபோகாமல் தங்குகிறது. மேலே போகப் போகச் சூரியனின் புற ஊதாக் கதிரும் கடுமையாகும். அதிலிருந்து விதையைக் காத்துக்கொள்ளப் பழம் தோலைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. தடித்த தோல் என்றால் அதிக நிறம், அதிக மணம், அதிக துவர்ப்பு.

லுஹான் தே குயோ பகுதி சுமார் 900 முதல் 1,100 மீட்டர். அங்கே பழைய கொடிகள் நிறைய, ஒயின் உருண்டையாக, பழம் தூக்கலாக இருக்கும். அதற்குத் தெற்கே ஊக்கோ பள்ளத்தாக்கு இன்னும் உயரம். அங்குள்ள குவால்டயாரி, பராஹே அல்தமிரா போன்ற இடங்களில் சுண்ணாம்பு படிந்த கூழாங்கல் மண், ஒயினில் பூ வாசமும் புளிப்பின் கூர்மையும் அதிகம். 1992இல் ஒயின் தயாரிக்கும் கத்தேனா குடும்பம் குவால்டயாரியில் 1,450 மீட்டர் வாக்கில் கொடி நட்டபோது, இந்தக் குளிரில் பழம் பழுக்குமா என்றுதான் பலரும் கேட்டார்கள். இன்று அந்தப் பக்கத்து மால்பெக்குக்குத்தான் கிராக்கி. இன்னும் மேலே போக ஆசையென்றால் வடக்கே சால்டா மாகாணம் இருக்கிறது. அங்கே கஃபயாதே ஊர் சுமார் 1,700 மீட்டரில். கொலோமே நிறுவனத்தின் அல்துரா மாக்சிமா தோட்டம் 3,111 மீட்டரில்.

விவசாயிக்குப் பயம் இல்லாமல் இல்லை. கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு கால்மணி நேரம் அடித்தால் அந்த வருஷ மகசூல் போச்சு. அதனால் பல தோட்டங்களில் கொடிகளுக்கு மேல் கறுப்பு வலை விரித்திருப்பார்கள். ஆண்டீஸிலிருந்து இறங்கும் சோண்டா என்ற சூடான வறட்டுக் காற்று பூக்கும் காலத்தில் வந்தால் அதுவும் நஷ்டம்தான்.

காவோர் வாங்கலாமா, மென்டோசா வாங்கலாமா?

ஒரே திராட்சை, இரண்டு சுபாவம். காவோர் ஒயின் விறைப்பானது. துவர்ப்பு கடினம், புளிப்பு அதிகம், பழத்தோடு ஈரமண், இரும்பு, காய்ந்த மூலிகை மாதிரியான வாசனைகள் வரும். அடர்ந்த நிறத்தால் அதைக் 'கறுப்பு ஒயின்' என்றே பல நூற்றாண்டுகளாக அழைத்துவந்திருக்கிறார்கள். மென்டோசா ஒயின் திறந்த மனசுக்காரர், முதல் மடக்கிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். முதன்முதலாகக் குடிப்பவருக்கு மென்டோசாவைத்தான் சொல்வேன். சாப்பாடு இல்லாமல் காவோரைத் திறக்காதீர்கள், வாத்துக் கறியோ ஆட்டுக் கறியோ கூட இருந்தால்தான் அதன் அருமை தெரியும்.

கபெர்னே, ஷிராஸ், மெர்லோ இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கபெர்னேயில் துவர்ப்பும் புளிப்பும் கூடுதல், குடைமிளகாய், பிளாக்கரன்ட் பழ வாசனை. ஷிராஸில் மிளகு வாசனையும் காரசாரமும். மெர்லோ மால்பெக்குக்கு ஒன்றுவிட்ட உறவைவிட நெருக்கம், பாதி உடன்பிறப்பு: இரண்டுக்கும் தாய் மாக்தலேன் நுவார் தே ஷரான்த் என்ற கிட்டத்தட்ட மறைந்தேபோன பழைய திராட்சை என்று மரபணுச் சோதனையில் தெரியவந்தது. அந்த மென்மை இரண்டுக்கும் அம்மா வழிச் சொத்தோ என்னவோ.

ஓக் பீப்பாய் போட்டது வாங்கினால்தான் நல்லதா?

இல்லை, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 1990களிலும் 2000களிலும் ஏற்றுமதிச் சந்தைக்காக மால்பெக்கைப் புது ஓக்கில் ஊறவைத்து ஊறவைத்து, வனிலாவும் கருகிய காபியும் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்குச் செய்தார்கள். மலிவு ரகங்களில் பீப்பாய்கூட இல்லாமல் ஓக் சீவல்களைத் தொட்டியில் போட்டே அந்த வாசனையை ஏற்றுகிறார்கள். வயலட் பூ வாசம் எவ்வளவு நுணுக்கமானது, அதன் மேல் இத்தனை மரத்தை ஏற்றினால் எங்கே தெரியும்? நல்ல வேளையாக இப்போது பல தயாரிப்பாளர்கள் சிமென்ட் தொட்டிக்கும் பழைய பெரிய பீப்பாய்க்கும் திரும்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்த ஒன்றைக் கட்டாயம் குடித்துப் பாருங்கள்.

புட்டியில் 'ரெசெர்வா' என்று இருந்தால், அர்ஜென்டினா விதிப்படி சிவப்பு ஒயின் குறைந்தது 12 மாதம் பக்குவப்பட்டிருக்க வேண்டும். 'கிரான் ரெசெர்வா' என்றால் 24 மாதம். அது காலக்கணக்கு, ருசிக்கு உத்தரவாதம் இல்லை. அதைவிட எந்தப் பகுதி, எந்த உயரம் என்று பாருங்கள். புட்டியின் கனத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கனமான கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் ஒயினுக்கும் சம்பந்தமே இல்லை.

எந்தச் சூட்டில் ஊற்றுவது? ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளுக்கானது. மால்பெக்குக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ உங்கள் வீட்டு அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் எல்லாம் கொழகொழவென்று தெரியும், 'ஒயின் இவ்வளவுதானா' என்று தோன்றிவிடும். அதனால் தயங்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அதிகம் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகும், கோப்பையில் பத்து நிமிடம் விட்டால் தணிந்துவிடும்.

முன்னாலேயே திறந்து வைக்க வேண்டுமா?

கார்க்கை மட்டும் எடுத்துவிட்டுப் புட்டியை அப்படியே வைப்பதால் பெரிய பலன் இல்லை, கழுத்து குறுகலாக இருப்பதால் காற்றே படாது. வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையிலோ சுத்தமான ஜக்கிலோ ஊற்றுங்கள். சாதாரண மென்டோசாவுக்கு அரைமணி, இளம் காவோருக்கு இரண்டு மணி. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டாமா.

அசாடோவுக்கும் மால்பெக்குக்கும் அப்படி என்ன பொருத்தம்?

அசாடோ என்பது அர்ஜென்டினாவின் ஞாயிற்றுக்கிழமை. கறி சுடுவது என்று சொன்னால் அது பாதிதான். தீ மூட்டும் ஆள் காலையிலேயே விறகைப் பற்றவைத்து, அது எரிந்து தணலாகும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். தீ நாக்கு ஒன்றுகூடக் கறியில் படக் கூடாது. ஓரமாக எரியும் விறகிலிருந்து தணலை மட்டும் கரண்டியால் இழுத்து இழுத்து கம்பி அடுப்பின் அடியில் பரப்புவார். கம்பிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, எத்தனை வினாடி தாங்குகிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்வார். மசாலா கிடையாது, ஊறவைப்பதும் கிடையாது, கல் உப்பு மட்டும். விலா எலும்பை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஒரு மணி, இரண்டு மணி என்று மெதுவாக விடுவார்கள். கொழுப்பு உருகித் தணலில் சொட்ட, அந்தப் புகை திரும்ப மேலே ஏறிக் கறியில் படியும்.

இப்போது அந்த விலாத் துண்டை வாயில் போட்டால் என்னென்ன இருக்கிறது? உருகிய கொழுப்பு நாக்கில் ஒரு படலமாகப் படிகிறது, மேலே முறுகலின் லேசான கசப்பு, உப்பு, புகை. மால்பெக்கின் துவர்ப்பு அந்தக் கொழுப்பையும் புரதத்தையும் பற்றிக்கொண்டு வாயைத் துடைத்துவிடுகிறது. அதே நேரம் கொழுப்பு துவர்ப்பை மழுக்குகிறது. உப்பு ஒயினின் கசப்பைக் குறைத்துப் பழத்தை முன்னால் கொண்டுவருகிறது. முறுகலுக்கு ஒயினில் இருக்கும் கொக்கோவும் புகையிலையும் இணையாக நிற்கின்றன. ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின் என்று போனால் இரண்டாவது வாயும் முதல் வாய் போலவே ருசிக்கும்.

இதைக் கவனித்தால் ஒன்று புரியும். ரெட் ஒயின் என்றால் சிவப்பு இறைச்சி என்பது அரைகுறை விதி. மால்பெக்குக்கு வேண்டியது கொழுப்பு, உப்பு, கரி பட்ட முறுகல். இந்த மூன்றும் எங்கே இருக்கிறதோ அங்கே அது பொருந்தும், இறைச்சி இல்லாவிட்டாலும். கொழுப்பே இல்லாமல் வேகவைத்த மாட்டிறைச்சியோடு வைத்தால் இரண்டுமே சப்பென்று போகும்.

அசாடோவில் எந்தத் துண்டு ரொம்பப் பொருத்தம்?

என் ஓட்டு என்த்ரான்யாவுக்கு, அதாவது மாட்டின் விலாவுக்கு உள்பக்கம் உதரவிதானத்திலிருந்து எடுக்கும் மெல்லிய பட்டை. நார் நாராக இருக்கும், ஈரல் மாதிரி ஓர் இரும்பு ருசி, கடும் தணலில் சில நிமிடத்தில் வெந்துவிடும். விலாத் துண்டு இரண்டாவது. ரத்தம் சேர்த்துச் செய்யும் மொர்சீயா சாசேஜும் நன்றாகப் போகும்.

சிமிசுரியைப் பார்த்துப் போடுங்கள். பார்ஸ்லி, ஓரிகனோ, பூண்டு, எண்ணெய், வினிகர் சேர்ந்த தொக்கு அது. வினிகர் அளவோடு இருந்தால் ஒயின் இன்னும் மென்மையாகத் தெரியும், அதிகமானால் ஒயின் தட்டையாகிவிடும்.

மென்டோசா மாகாணத்தின் தெற்கே மலார்குவே என்ற ஊர் வெள்ளாட்டுக் குட்டிக்குப் பெயர்பெற்றது. குட்டியை முழுதாகப் பிளந்து இரும்புச் சிலுவையில் கட்டி, தரையில் மூட்டிய தீயைப் பார்த்தவாறு சாய்த்து நிறுத்திச் சுடுவார்கள். ஆட்டுக் கறி பிடித்தவர்கள் மாட்டிறைச்சிப் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போக வேண்டியதில்லை, அந்த ஊரே ஆட்டையும் மால்பெக்கையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறது.

எம்பனாடாவோடு?

தாராளமாக. எம்பனாடா என்பது உள்ளே பூரணம் வைத்து மடித்த மாவுப் பண்டம். மென்டோசா எம்பனாடாவில் கொத்திய மாட்டிறைச்சி, அதற்கு ஈடாக வெங்காயம், சீரகம், பாப்ரிகா, அவித்த முட்டை, ஆலிவ் காய் எல்லாம் இருக்கும், களிமண் அடுப்பில் சுடுவார்கள். இதற்கு விலை உயர்ந்த புட்டி வேண்டாம். ஓக் இல்லாத இளம் மால்பெக்கைக் கொஞ்சம் குளிரவைத்து ஊற்றுங்கள்.

நம் ஊர் மட்டன் சுக்கா, பிரியாணியோடு குடிக்கலாமா? காரம் ஒத்துப்போகுமா?

காரத்தைப் பொறுத்தது. மிளகாய்க் காரம் வாயில் எந்த நரம்பைத் தட்டுகிறதோ அதையேதான் ஆல்கஹாலும் தட்டுகிறது. 14 சதவீத ஒயினோடு வரமிளகாய் தூக்கலான குழம்பைச் சாப்பிட்டால் வாய் எரியும், துவர்ப்பும் கசப்பாக மாறும். பழ ருசி எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே காரசாரமான செட்டிநாட்டுக் குழம்போடு வேண்டாம் என்பது என் கருத்து. மிளகாயைக் குறைத்து, மிளகும் சோம்பும் சின்ன வெங்காயமும் போட்டு, ஈரமெல்லாம் வற்றி ஓரம் முறுகும்வரை எண்ணெயில் பிரட்டிய சுக்கா வேறு விஷயம். கொழுப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, முறுகல் இருக்கிறது. பிரியாணியில் காரம் மிதமாக இருந்தால் சரி, கூட வரும் எலுமிச்சை ஊறுகாயை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள். புளி தூக்கலாக உள்ள எதையும் இதோடு சேர்க்காதீர்கள்.

மீன்?

வேண்டாம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சு நாற்றம் வாயில் தங்கிவிடும். தணலில் சுட்ட சூரை மீன் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம், அதுவும் இளசான மால்பெக்காக இருந்தால்.

கோழி, பன்றி, வாத்து?

கோழி நெஞ்சுக் கறி இதற்கு முன் நிற்காது. தொடைக் கறியைத் தோலோடு கரி அடுப்பில் சுட்டால் பொருந்தும். பன்றியில் விலாவும் சாசேஜும் நல்ல ஜோடி, ஆனால் இனிப்பான பார்பிக்யூ சாஸ் பூசினால் ஒயின் புளித்ததுபோல் தெரியும். வாத்து என்றால் காவோர் பக்கம் போங்கள். வாத்துக் காலை அதன் சொந்தக் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்து, பரிமாறும் முன் தோல் மொறுமொறுவென்று வரும்வரை வாட்டும் கோன்ஃபி அந்த ஊர்ப் பக்கத்துச் சாப்பாடு. வாத்தும் சாசேஜும் வெள்ளை பீன்ஸும் சேர்த்து மண்சட்டியில் சுடும் கசூலேயும் அப்படித்தான். விறைப்பான காவோர் அந்தக் கொழுப்பின் நடுவில் சட்டென்று இளகிவிடும்.

சைவக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கிறது, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. அசாடோவிலேயே முதலில் வருவது பல வீடுகளில் ப்ரோவோலேதாதான்: தடித்த ப்ரோவோலோனே சீஸ் வட்டத்தைக் கம்பியிலோ சின்ன இரும்புச் சட்டியிலோ வைத்து, வெளியே முறுகி உள்ளே உருகும்வரை சுட்டு, மேலே ஓரிகனோவும் மிளகாய்த் தூளும் தூவித் தருவார்கள். கொழுப்பு, உப்பு, முறுகல் மூன்றும் ஒரே வட்டத்தில்.

அடுத்தது கத்தரிக்காய். தணலில் தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, பூண்டும் உப்பும் நல்ல எண்ணெயும் தாராளமாக விட்டு மசித்தால் மால்பெக்கின் புகைவாசத்துக்கு அவ்வளவு பொருத்தம். எண்ணெயில் கஞ்சத்தனம் மட்டும் கூடாது, இறைச்சிக் கொழுப்பின் வேலையை இங்கே அதுதான் செய்கிறது. காளானை வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்குங்கள், நீர் விட்டு வெந்த காளான் உதவாது. உப்புப் போடவும் மறக்காதீர்கள், உப்புக் குறைந்த காளான் ஒயினின் துவர்ப்பைக் கடுமையாக்கும். கறுப்பு பீன்ஸ், ராஜ்மா போன்றவற்றைக் கெட்டியாகச் சமைத்து வைத்தாலும் நன்றாகவே போகும். பன்னீர் தனியாக என்றால் சுமார்தான், தந்தூரில் ஓரம் கருகச் சுட்டால் தேறும்.

எந்த சீஸ்?

முதிர்ந்த செடார், மான்சேகோ, கௌடா மாதிரி கெட்டியான உப்புச் சீஸ்கள். நீலப் பூஞ்சைச் சீஸ் வேண்டாம், அது ஒயினை உலோக ருசிக்குக் கொண்டுபோகும்.

சாக்லேட்டோடு குடிக்கலாம் என்கிறார்களே?

70 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள கசப்புச் சாக்லேட் ஒரு துண்டு, சரி. பால் சாக்லேட், கேக், அர்ஜென்டினாக்காரர்கள் உயிரை விடும் துல்சே தே லெச்சே எனும் பால் கேரமல், இவற்றோடு வைத்தால் ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். சாப்பாட்டை விட ஒயின் இனிப்புக் குறைவாக இருந்தால் தோற்பது எப்போதும் ஒயின்தான்.

அர்ஜென்டினாவில் ரெட் ஒயினில் சோடாவும் ஐஸும் போடுவார்களாமே?

ஆமாம், சாதாரண மேசை ஒயினில் சைஃபன் சோடாவைப் பீய்ச்சிக் குடிப்பது அங்கே தாத்தா காலத்துப் பழக்கம். கோடை மதியத்துக்கு அது நல்ல யோசனையும்கூட. ஊக்கோ பள்ளத்தாக்குப் புட்டியில் செய்யாதீர்கள்.

எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

அன்றாட விலையில் உள்ளதை வாங்கி இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிடுங்கள், அதன் அழகே இளமைப் பழம்தான். உயரத் தோட்டத்து நல்ல புட்டியும் நல்ல காவோரும் பத்து வருஷம், அதற்கு மேலும் தாங்கும். ஊதா விளிம்பு செங்கல் நிறமாக மாறும், பிளம் பழ வாசனை அத்திப்பழமும் தோல்பையுமாக மாறும். ஆனால் 12, 15 டிகிரி வாக்கில் இருட்டாக வைக்க இடம் இருந்தால் மட்டும். வெப்ப ஊரில் சமையலறை அலமாரியில் ஒரு கோடையைக் கடத்தினாலே போதும், ஒயின் வெந்துபோகும்.

ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று குடிக்கலாமா?

அந்தக் காரணத்துக்காகக் குடிக்க வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுபவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள் தொடவே கூடாது. மால்பெக் மென்மையாக இறங்குவதால் 14 சதவீதம் என்பது மறந்துபோகும், 750 மில்லி புட்டியை இரண்டு பேர் முடிப்பது என்பதே அதிகம். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள், மூன்று நாள் நன்றாகவே இருக்கும். சொல்லப்போனால் முரட்டுக் காவோர் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் சமையலுக்கு. எலும்போடு உள்ள ஆட்டுக் காலை நன்றாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிஞ்சிய ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். அடியில் ஒட்டிய முறுகலையெல்லாம் கரண்டியால் சுரண்டிவிட்டு, கறியைத் திரும்பப் போட்டு, தண்ணீர் சேர்த்து மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரம். உப்பைக் கடைசியில் போடுங்கள், சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும். வினிகர் வாடை அடிக்கத் தொடங்கிய ஒயினை மட்டும் இதற்கும் பயன்படுத்தாதீர்கள், சுண்டினால் அந்த வாடைதான் பெருகும்.